ஒரே சூரியன், இரண்டு வருஷப் பிறப்பு: கிரக நிலை கணக்கிடும் நிரலுக்கு ஓர் அரிச்சுவடி

2023 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை. செங்கோட்டையில் சித்திரை ஒன்று. புளியரை சோதனைச்சாவடியைத் தாண்டி, எஸ் வளைவில் ஏறி ஆரியங்காவு போய்விட்டால் அது கேரளம், அங்கே விஷு மறுநாள் சனிக்கிழமைதான். 2024இல் இரண்டு பக்கமும் ஒரே நாளில் கொண்டாடினார்கள். மாப்பிள்ளை வீடு புனலூரிலும் பெண் வீடு செங்கோட்டையிலுமாக இருக்கும் குடும்பங்களில் இது வருஷா வருஷம் வரும் பேச்சு: "உங்க காலண்டர் தப்பா, எங்க காலண்டர் தப்பா?"

இரண்டுமே தப்பில்லை. ஏன் என்று காட்ட இருபது வரி நிரல் போதும். பிளஸ் டூ கணக்கில் படித்த சைன், காஸ் நினைவிருந்து, பைத்தானோ வேறு எதுவோ ஒரு மொழியில் நாலு வரி எழுதத் தெரிந்தால், இன்று மாலைக்குள் சூரியன் எங்கே நிற்கிறது என்று உங்கள் கணினியே சொல்லும்.

முதலில், நிரலிடம் என்ன கேட்கிறோம்? வானத்தில் சூரியன் ஒரு வருஷத்தில் ஒரு முழு வட்டம் சுற்றி வருவதாக நமக்குத் தெரிகிறது. சுற்றுவது பூமிதான், ஆனால் நாம் பார்ப்பது இங்கிருந்து என்பதால் அப்படித்தான் கணக்கு. அந்த வட்டத்துக்கு 360 டிகிரி. மார்ச் 20 அல்லது 21 வாக்கில் பகலும் இரவும் சமமாகும்போது சூரியன் நிற்கும் இடம் பூஜ்ஜியம். அங்கிருந்து இப்போது எத்தனை டிகிரி தள்ளி நிற்கிறது? கேள்வி அவ்வளவுதான். விடை ஒரே ஓர் எண்.

அதற்கு முதல் வேலை, தேதியைத் தொலைத்துவிட்டு நாளை மட்டும் எண்ணுவது. மாதத்துக்கு 28, 30, 31 என்று மாறும் காலண்டரை வைத்துக்கொண்டு பெருக்கல் வகுத்தல் செய்ய முடியாது. அதனால் ஏதோ ஒரு நாளைப் பூஜ்ஜியம் என்று வைத்து, அங்கிருந்து எத்தனையாவது நாள் என்று எண்ணுகிறார்கள். வானியலில் வழங்கும் ஜூலியன் நாள் எண், கி.மு. 4713 ஜனவரி 1 நண்பகலில் தொடங்குகிறது. நம் பஞ்சாங்கக்காரர்கள் கி.மு. 3102இல் தொடங்கும் கலிதினத்தை எண்ணுகிறார்கள். யுக்தி ஒன்றுதான். இந்தக் காலத்து நிரல்கள் 2000 ஜனவரி 1 நண்பகலைப் பூஜ்ஜியமாக வைப்பது வழக்கம். அதன் ஜூலியன் எண் 2451545.

ஒரு முறை கையால் செய்து பார்த்துவிடுவோம். 2023 ஏப்ரல் 14, பிற்பகல் 3 மணி. இது இந்திய நேரம். ஐந்தரை மணி நேரத்தைக் கழித்தால் கிரீன்விச்சில் காலை 9:30. 2000 முதல் 2022 வரை 23 வருஷம், அதில் ஆறு லீப் வருஷம், ஆக 8401 நாள். 2023 ஜனவரி முதல் ஏப்ரல் 13 முடிய 103 நாள். மொத்தம் 8504. நம் பூஜ்ஜியம் நள்ளிரவு இல்லை, நண்பகல் என்பதால் அரை நாள் கழிகிறது. 9:30 மணி என்பது 0.3958 நாள், அது கூடுகிறது. கிடைப்பது 8503.8958. நிரலில் இதற்குத் தேதிகளைக் கழிக்கும் தயார் கட்டளை இருக்கும். ஆனால் அந்த ஐந்தரை மணியை மறந்தால் அதற்கப்புறம் வரும் எல்லாமே கோணல்.

அடுத்து சராசரி. செங்கோட்டையிலிருந்து கொல்லம் போகும் ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் வரும். ஆனால் ஆரியங்காவு மலைப்பாதையில் வண்டி ஊர்ந்து போகும், புனலூர் தாண்டினால் விரையும். இப்போது வண்டி எங்கே என்று சொல்ல, சராசரியைப் போட்டுவிட்டு, எந்த இடத்தில் எவ்வளவு முந்தும், எவ்வளவு பிந்தும் என்று திருத்த வேண்டும். சூரியனுக்கும் அதே வழிதான். பஞ்சாங்கத்தில் முன்னதை மத்தியமம் என்றும், திருத்தி வருவதை ஸ்புடம் என்றும் போட்டிருப்பார்கள்.

சூரியன் சராசரியாக நாளுக்கு 0.9856 டிகிரி நகர்கிறது. முழு நிரலின் இதயம் இந்த நாலு வரி:

நாள் = ஜூலியன்_எண் − 2451545
சராசரி = 280.460 + 0.9856474 × நாள்
கோணம் = 357.528 + 0.9856003 × நாள்
சூரியன் = சராசரி + 1.915 × சைன்(கோணம்) + 0.020 × சைன்(2 × கோணம்)

பைத்தான் 3 தமிழ் மாறிப் பெயர்களை ஏற்றுக்கொள்ளும் என்பதால், பெருக்கல் குறியையும் சைன் கட்டளையையும் அதன் பாணியில் மாற்றினால் இதை ஏறக்குறைய இப்படியே எழுதலாம். விளையாட்டாகச் சொல்லவில்லை. எழுதிப் பார்த்தால் ஆறு மாதம் கழித்துத் திறக்கும்போதும் புரிகிறது.

இரண்டாம் வரி சராசரி இடம். மூன்றாம் வரியிலுள்ள கோணம், பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் இடத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பது. அந்த இடத்தை நாம் ஜனவரி முதல் வாரத்தில் கடக்கிறோம். பூமியின் பாதை வட்டம் இல்லை, லேசாக நீண்ட வட்டம். எவ்வளவு லேசு என்பதற்கான எண் 0.0167. அதை இரண்டால் பெருக்கி, ரேடியனிலிருந்து டிகிரிக்கு மாற்றிப் பாருங்கள், ஏறக்குறைய 1.915 வரும். நாலாம் வரியில் எங்கிருந்தோ குதித்ததுபோல் நிற்கும் எண் அதுதான். வரிகளை அப்படியே நகலெடுப்பவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. கவனித்தால் சூத்திரம் பாதி மனப்பாடம்.

நம் 8503.8958ஐ உள்ளே போடுவோம். சராசரி 8662.3028. அதிலிருந்து முழு வட்டங்களை, அதாவது 360இன் மடங்குகளை, கழித்தால் 22.3028. கோணம் அதே முறையில் 98.9703. அதன் சைன் கிட்டத்தட்ட முழு ஒன்று, திருத்தம் 1.885 டிகிரி. சூரியன் 24.188 டிகிரியில் நிற்கிறது. ஏப்ரல் மாதத்தில் திருத்தம் ஏறக்குறைய உச்சத்தில் இருக்கிறது பாருங்கள்: சூரியனின் இரண்டு நாள் நடை. சராசரியோடு நிறுத்தியிருந்தால் சித்திரை இரண்டு நாள் பிந்திப் பிறந்திருக்கும்.

புதிதாக எழுதுபவர்கள் இடறும் இரண்டு குழிகள் இங்கேயே இருக்கின்றன. கணினியின் சைன் டிகிரியை வாங்காது, ரேடியனைத்தான் வாங்கும், 98.97ஐ அப்படியே கொடுத்தால் அபத்தமான விடை வரும், அதுவும் பிழைச் செய்தி எதுவும் இல்லாமல். இன்னொன்று, 360ஆல் வகுத்து மீதி எடுப்பது. 2000க்கு முந்தைய தேதிகளில் நாள் எண் கழித்தலில் போகும். பைத்தானில் −10க்கு மீதி 350 என்று சரியாக வரும். சி மொழியில் −10 என்றே நிற்கும், நாம்தான் 360ஐக் கூட்ட வேண்டும். தாத்தா பிறந்த தேதியைப் போட்டுப் பார்க்கும்போதுதான் இது வெளியே வரும்.

இந்த நாலு வரி 1950 முதல் 2050 வரை 0.01 டிகிரிக்குள் சரியாக இருக்கும். வீட்டு உபயோகத்துக்கு அது தாராளம்.

சூரியன் ஒரு ராசிக்குள் நுழைவது சங்கராந்தி, மலையாளத்தில் சங்கிரமம்; மேஷத்துக்குள் நுழையும்போது சித்திரை. சரி, 24.188 டிகிரி என்றால் மேஷமா? இங்கேதான் ஒரு கிளை பிரிகிறது. மேலே நாம் வைத்த பூஜ்ஜியம் நட்சத்திரங்களோடு ஒட்டி நிற்பதில்லை. பூமியின் அச்சு சுமார் 25,800 வருஷத்துக்கு ஒரு சுற்றாக மெல்லத் தள்ளாடுவதால், சம இரவுப் புள்ளி வருஷத்துக்கு 50.3 விநாடிக் கோணம் (ஒரு டிகிரிக்கு 3600 விநாடி) பின்னால் நழுவுகிறது; 72 வருஷத்துக்கு ஒரு டிகிரி. நம் ராசிகளோ நட்சத்திரங்களை வைத்துப் பிரித்தவை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் அயனாம்சம். அதைக் கழித்தால்தான் பஞ்சாங்கத்தின் மேஷம், ரிஷபம் வரும்.

அந்தத் தூரம் எவ்வளவு என்பதில் ஆளாளுக்கு ஒரு கணக்கு இருந்தது. மேகநாத சாகா தலைமையில் மத்திய அரசு அமைத்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு 1955இல் அறிக்கை கொடுத்தது. 1956 மார்ச் 21க்கு 23 டிகிரி 15 கலை (ஒரு டிகிரிக்கு 60 கலை) என்று அங்கே வைத்ததுதான், வானத்தில் காண்பதோடு ஒத்துப்போகக் கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கங்களில் இன்று பரவலாகப் புழங்குகிறது. நமக்கு ஒரு வரி:

அயனாம்சம் = 23.853 + 0.00003825 × நாள்

நம் நாளுக்கு 24.178. 24.188இல் கழித்தால் மிச்சம் 0.010 டிகிரி. அதாவது 2023 ஏப்ரல் 14 பிற்பகல் 3 மணிக்குச் சூரியன் மேஷத்துக்குள் அப்போதுதான் காலை வைத்திருக்கிறது. சூரியன் 0.01 டிகிரி நகரக் கால் மணி நேரம் ஆகும். எனவே நுழைந்தது 2:45 வாக்கில். நம் சூத்திரத்தின் பிசகும் அதே 0.01 டிகிரி என்பதால், "மூன்று மணி சுமாருக்கு" என்று சொல்லி நிறுத்திக்கொள்வதே நாணயம். நிரல் 14:45:23 என்று விநாடி வரை அச்சடிக்கும். நம்பாதீர்கள்.

இப்போது சண்டையைத் தீர்க்கலாம். தமிழ்நாட்டு விதி: சூரியன் மறைவதற்குள் சங்கராந்தி வந்துவிட்டால் அந்த நாளே மாதப் பிறப்பு. மலையாள வழக்கில் விஷுக்கணி காண்பது சங்கிரமத்துக்குப் பின் வரும் விடியலில். மூன்று மணி என்றால் சூரியன் இன்னும் மறையவில்லை, ஆகவே செங்கோட்டையில் அன்றே சித்திரை. ஆனால் அன்றைய விடியல் எப்போதோ முடிந்துவிட்டது, ஆகவே ஆரியங்காவில் மறுநாள் கணி. வானத்தில் நடந்தது ஒன்று; அதன்மேல் போட்ட விதி இரண்டு.

சூரியனுக்கு ஒரு சுற்று முடிய 365 நாளும் 6 மணி 9 நிமிஷமும் ஆவதால், இந்த நேரம் வருஷத்துக்கு ஆறு மணி சொச்சம் தள்ளிப் போகும், லீப் வருஷத்தில் ஒரு நாள் பின்னுக்கு வரும். 2022க்கு ஓட்டினால் 14ஆம் தேதி காலை எட்டரை வாக்கில். விடியல் தாண்டிவிட்டது, விஷு 15. 2024க்கு 13ஆம் தேதி இரவு ஒன்பது மணி வாக்கில். சூரியனும் மறைந்துவிட்டது, விடியலும் வரவில்லை, இரண்டு ஊருக்கும் 14. நாலு வருஷச் சக்கரம் மறுபடி மறுபடி சுழல்வதைப் பத்து வருஷத்துக்கு அச்சடித்துப் பார்த்தால் மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் பிடித்து அனுப்பலாம். பழைய வாய்பாடுகளை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தின் எண்கள் மட்டும் இதோடு ஒத்துப்போகாது. அங்கே வருஷத்தின் நீளமே 365 நாள் 6 மணி 12 நிமிஷம் 30 விநாடி.

அந்த நேரத்தைக் கண்டுபிடிக்கச் சூத்திரத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டியதில்லை. அயனாம்சம் கழித்தபின் காலை 6 மணிக்கு விடை 359.642, மாலை 6 மணிக்கு 0.132. நடுவில் எங்கோ கடந்திருக்கிறது. மத்தியானம் 12க்குக் கேளுங்கள்: 359.887, இன்னும் கடக்கவில்லை. எனவே பிற்பகல். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்கிக் கேளுங்கள். பத்து தடவை செய்தால் 12 மணி நேரம் ஒரு நிமிஷத்துக்கும் கீழே சுருங்கிவிடும். ஒரே எச்சரிக்கை: 359.887 என்பது 0.132ஐ விடப் பெரிய எண் என்று கணினி நினைக்கும். 180க்கு மேல் வந்தால் 360ஐக் கழித்து −0.113 என்று மாற்றிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். மேஷ சங்கராந்தி மட்டும் வராமல் மற்ற பதினொரு மாதமும் ஒழுங்காக வருகிற நிரல் என்றால் காரணம் இதுதான்.

"சூரியன் மறைவதற்குள்" என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். மறைவது எப்போது? அதற்கு ஊர் வேண்டும். இதுவரை செய்த கணக்கு செங்கோட்டைக்கும் லண்டனுக்கும் ஒன்றே. செங்கோட்டை வடக்கே ஏறக்குறைய 9 டிகிரி, கிழக்கே 77.25 டிகிரி. இந்திய நேரம் 82.5 டிகிரிக்கு வைத்தது. வித்தியாசம் 5.25 டிகிரி, டிகிரிக்கு நாலு நிமிஷம், ஆக 21 நிமிஷம். ஏப்ரல் நடுவில் இங்கே உச்சிவெயில் 12 மணிக்கு இல்லை, 12:21க்கு.

சூரியன் நடுக்கோட்டுக்கு எவ்வளவு வடக்கே நிற்கிறது என்பதற்கு ஒரு வரி:

சைன்(சாய்வு) = சைன்(23.44) × சைன்(சூரியன்)

இதில் போடுவது அயனாம்சம் கழிக்காத 24.188. சாய்வு 9.38 டிகிரி. அதாவது நம் ஊரின் அட்சரேகையை அப்போதுதான் தாண்டியிருக்கிறது. சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்னால் செங்கோட்டையில் உச்சிவெயிலில் நிழல் காலடியில் அடங்கிவிடும். நிரலை நம்பாதவர்கள் ஒரு கம்பை நட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

உச்சிவெயிலிலிருந்து அஸ்தமனம் வரை உள்ள அரைப்பகலுக்கு இன்னொரு வரி (ஊர் என்பது ஊரின் அட்சரேகை):

காஸ்(அரைப்பகல்) = (சைன்(−0.833) − சைன்(ஊர்) × சைன்(சாய்வு)) ÷ (காஸ்(ஊர்) × காஸ்(சாய்வு))

−0.833 எதற்கு? தொடுவானத்தில் காற்று ஒளியை வளைத்துச் சூரியனை 34 கலை தூக்கிக் காட்டுகிறது. அதோடு நாம் சூரியனின் மேல் விளிம்பு மறைவதைத்தான் பார்க்கிறோம், நடு மையத்தை அல்ல. அது 16 கலை. கூட்டினால் 50 கலை, அதாவது 0.833 டிகிரி. அரைப்பகல் 92.35 டிகிரி வருகிறது. 15ஆல் வகுத்தால் 6 மணி 9 நிமிஷம். 12:21ஓடு கூட்டினால் மாலை 6:30ஐ ஒட்டி அஸ்தமனம். செங்கோட்டையில் யாரும் அந்த நேரத்துக்குச் சூரியனைப் பார்க்க மாட்டார்கள். மேற்கே மலை இருக்கிறது, அதற்கு முன்பே உள்ளே போய்விடும். நிரலுக்கு மலை தெரியாது. பஞ்சாங்கத்துக்கும்தான்.

சூரியன் நல்ல பிள்ளை. ஒரு பெரிய திருத்தம், ஒரு சின்னத் திருத்தம், முடிந்தது. சந்திரன் அப்படியில்லை. நாளுக்கு சராசரி 13.18 டிகிரி ஓடுகிறது. அதன் பாதை நீண்ட வட்டம் என்பதால் 6.289 டிகிரி வரை ஒரு திருத்தம். சூரியனும் இழுப்பதால் 1.274 வரை ஒன்று, 0.658 வரை ஒன்று, அப்புறம் 0.2, 0.1 என்று நூற்றுக்கணக்கில் தொடரும் சிறு திருத்தங்கள். எழுதும் முறை மாறாது, வரிகள்தான் நீளும். எல்லாவற்றையும் ஒரு பட்டியலில் போட்டு ஒரே சுழற்சியில் கூட்டுவார்கள்.

இந்தத் தலைவலிக்கு மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய தீர்வு உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. சந்திரன் பூமிக்கு அருகில் வந்து மறுபடி அருகில் வர 27.55 நாள். ஒன்பது சுற்றுக்குக் கிட்டத்தட்ட 248 நாள். ஆகவே 248 நாளுக்குச் சந்திரன் நடந்த தூரத்தை ஒரு முறை கணக்கிட்டு வைத்துக்கொண்டால், திரும்பத் திரும்ப அதையே எடுத்துக்கொள்ளலாம். வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் அந்த 248 எண்களையும் சின்னச் சின்ன சொற்றொடர்களாக்கி மனப்பாடத்துக்குக் கொடுத்தன. முதலாவது "கீர்ந ச்ரேய". கடபயாதி முறைப்படி எழுத்துகளுக்கு எண் போட்டால் 3, 0, 2, 1; வலமிருந்து இடமாக வாசித்தால் 1203; முதல் நாள் நடை 12 டிகிரி 3 கலை. கணினிக்காரர்கள் முன்கூட்டிக் கணக்கிட்ட அட்டவணை என்பது இதைத்தான். 1825இல் புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், காகிதம் தொடாமல், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாட அட்டவணைகளை மட்டும் கொண்டு அந்த வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டதை வாரன் என்ற அதிகாரி பதிவு செய்திருக்கிறார். தொடக்கத்தில் பிசகு 4 நிமிஷம். நடுவில் 23, முடிவில் 52. அட்டவணை பழசாகப் பழசாகப் பிசகு ஏறும். அதனால்தான் கேரளத்தில் பரமேசுவரர் பல்லாண்டுக் காலம் கிரகணங்களைப் பார்த்துக் குறித்து, 1431இல் எண்களைத் திருத்தித் திருக்கணிதம் செய்தார்.

கிரகங்களுக்கு ஒரு படி கூடுதல். செவ்வாயின் பாதை சூரியனைச் சுற்றி. நாம் நிற்பதோ பூமியில். ஆகவே சூரியனிலிருந்து செவ்வாய் எங்கே, பூமி எங்கே என்று தனித்தனியே கண்டுபிடித்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். கழித்துவிட்டால் வக்ரகதி, அதாவது கிரகம் சில காலம் பின்னோக்கி நகர்வதுபோல் தெரிவது, தானாகவே விடையில் வந்து நிற்கும். அதற்கென்று தனி வரி எழுத வேண்டியதில்லை. செவ்வாயின் பாதை பூமியினுடையதைவிட அதிகம் நீண்டது (0.093), ஒரு திருத்தம் போதாது. நீண்ட வட்டப் பாதையில் எந்த நேரத்தில் எங்கே என்று சொல்லும் கெப்ளரின் சமன்பாட்டைப் பயன்படுத்த வேண்டும். அதை நேராகத் தீர்க்க வழி இல்லை. ஒரு விடையை ஊகித்து உள்ளே போட்டு, வருவதை மறுபடி உள்ளே போட்டு, மாறாமல் நிற்கும்வரை சுற்ற விடுவார்கள். ஏழெட்டுச் சுற்றில் நின்றுவிடும்.

இதெல்லாம் எதற்கு, தயார் நிரல் இல்லையா என்றால், இருக்கிறது. பைத்தானில் ஸ்கைஃபீல்டு என்ற இலவசத் தொகுப்பு நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்துக் கோப்புகளை வாசித்து, கால் மணி நேரப் பிசகுக்கெல்லாம் இடம் வைக்காமல் விடை சொல்லும். டிஇ440 என்ற கோப்பு 1550 முதல் 2650 வரை செல்லும். வேலைக்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள். கற்க, மேலே உள்ள வரிகளை ஒரு முறையாவது கையால் எழுதுங்கள். அது இல்லாமல் தொகுப்பில் நுழைந்தவர்களுக்கு, விடை அயனாம்சம் கழித்ததா கழிக்காததா என்றே தெரியாமல் போகிறது.

எழுதியது சரியா என்று பார்க்கக் காலண்டரை நம்புவதைவிடக் கிரகணத்தை நம்பலாம். 2019 டிசம்பர் 26 காலை, காசர்கோடு பக்கம் செறுவத்தூரிலும், கோவை, திண்டுக்கல் பக்கமும் மக்கள் வளையச் சூரிய கிரகணத்தைப் பார்த்தார்கள். அன்று இந்திய நேரம் காலை 10:43க்கு அமாவாசை முடிகிறது. சூரியன், சந்திரன் இரண்டின் எண்ணும் அந்த நேரத்தில் ஒன்றாக, 274 டிகிரியை ஒட்டி, வர வேண்டும். சந்திரனுக்கு முதல் மூன்று திருத்தம் மட்டும் போட்டிருந்தால் அரை டிகிரிக்குள் வந்தால் போதும். ஆறு டிகிரி தள்ளி நின்றால் ரேடியனைப் பாருங்கள். மூன்று டிகிரி தள்ளி நின்றால் அந்த ஐந்தரை மணி நேரத்தை.